கொம்பிரஷன் முள் ஏறும் விதத்தையும் பாருங்கள்

கொக்குவில் வாசகர்: நாலு சிலிண்டர் பெற்றோல் கார். கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் நசுங்கும் காற்றின் அழுத்தம்) கேஜில் 150, 148, 105, 150 பிஎஸ்ஐ. எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

அவசரப்படாதீர்கள். மற்ற மூன்றும் இவ்வளவு ஒத்துப்போவதால் வருத்தம் மூன்றாவதில்தான். அந்த பிளக் ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கேஜ் முள் 140ஐத் தொட்டால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் தேய்வு. அப்போது இறக்கத்தான் வேண்டும். 105இலேயே நின்றால் வால்வைச் சந்தேகியுங்கள். அதற்கும் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றுமுன் வால்வைத் தள்ளும் டப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுதாக மூடாது.

முள் ஏறும் விதமும் பேசும். முதல் சுற்றில் 40, பிறகு 70, 90 என்று படிப்படியாக ஏறினால் றிங். தொடக்கத்திலேயே குறைந்து, பிறகும் அதிகம் ஏறாமல் குந்தியிருந்தால் வால்வு. கடைசி எண்ணை மட்டும் துண்டில் எழுதித் தருபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்!

சுன்னாகம் வாசகர்: மூன்று சிலிண்டர் மாருதி. 85, 90, 160.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் நடுவில் ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போயிருக்கும். அண்மையில் எஞ்சின் கொதித்ததா? ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரா விடுகிறீர்கள்? நம்முடையது சுண்ணக்கல் நிலம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் அதற்குள்ளும் படிகிறது. ஹெட்டின் மட்டம் பார்க்காமல் புதுக் கஸ்கட் போட விடாதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: அப்பாவின் ஒஸ்டின் ஏ40. நாலிலும் 105 முதல் 110. விற்றுவிடலாமா?

ஏன் விற்க வேண்டும்? அந்தக் காலத்து எஞ்சினின் அழுத்த விகிதமே (காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது) 7:1 அளவுதான், 180 எல்லாம் காட்டாது. நாலும் ஒத்திருக்கிறதே, அது போதும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலேயே ஓடிய இனம் அது. சரி, எப்படி அளந்தீர்கள்? எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், கொயில் வயரும்தான். அக்சிலேற்றரை முழுதாக மிதித்து, நல்ல பற்றரியில் சுற்ற வேண்டும். இதில் ஒன்று தவறியிருந்தால் திரும்ப அளக்கும்போது இன்னும் கூடலாம்.

உரும்பிராய் வாசகர்: டீசல் வானுக்கும் இதே கேஜ் போதுமா?

போதாது. பெற்றோல் கேஜ் பெரும்பாலும் 300உடன் முடிந்துவிடும். நல்ல டீசல் எஞ்சின் 400ஐயும் தாண்டும். டீசலுக்குள் ஒயில் விட்டும் பார்க்காதீர்கள். பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஒயில் நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும்.