தூண்டில் பெட்டியா, பையா? பினாங்கு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

தூண்டில் சாமான்களை எதில் வைப்பது, எப்படித் தூக்கிச் செல்வது என்று தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும், கூடவே கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எந்தப் பெட்டி, என்ன விலை என்று கேட்டவர்களே அதிகம். என் பதில்களில் விலையைவிட ஈரத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம் இருக்கும். நம் கடற்கரையில் சாமான்களைக் கெடுப்பது அதுதான்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): வணக்கம் அண்ணா. இப்போதுதான் தூண்டில் போடத் தொடங்கியிருக்கிறேன். கடையில் மூன்று அடுக்குப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். திறந்தால் படிக்கட்டு மாதிரி விரிகிறது. வாங்கலாமா?

பதில்: தம்பி, மீன் பிடிக்கும் இடம்வரை வண்டி போகுமா என்பதை முதலில் சொல்லுங்கள். பத்து மாவுங் பக்கம் வண்டியை நிறுத்திப் பத்தடி நடந்தால் கடல் என்றால் அந்தப் பெட்டி நல்லதுதான். கீழே வைத்தால் எல்லாமே கண்ணில் படும். தெலுக் பகாங் பாறைகளுக்கோ கெர்த்தாக் சங்குலுக்கோ போவீர்கள் என்றால் வேண்டாம். ஒரு கையில் கோல், மறு கையில் பெட்டி என்றால் பாறையைப் பிடித்து ஏறக் கை இருக்காது.

தொடக்கத்துக்கு நான் சொல்வது, தடுப்புகளை நகர்த்தக்கூடிய தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு. இவை உலகம் முழுவதும் ஏறக்குறைய இரண்டே அளவுகளில் வருகின்றன. சிறியது சுமார் 28க்கு 18 சென்டிமீட்டர், பெரியது சுமார் 36க்கு 23. தூண்டில் பைகள் பெரும்பாலும் இந்த அளவுகளுக்கே தைக்கப்படுகின்றன. சிறிய அளவிலேயே இரண்டு வாங்குங்கள். ஒன்றில் முள் (தூண்டில் கொக்கி), சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), ஈயக் குண்டு. மற்றொன்றில் செயற்கை இரைகள். பிறகு எந்தப் பை வாங்கினாலும் இந்தப் பெட்டிகள் அதற்குள் அடங்கும். மூன்று அடுக்குப் பெட்டியை அப்படி வேறொன்றுக்குள் வைக்க வழியில்லை.

கேள்வி (தெலுக் கும்பார்): ஐயா, ஓரமெல்லாம் ரப்பர் வளையம் வைத்து, தண்ணீரே புகாது என்று சொன்ன பெட்டியை வாங்கினேன். இரண்டே மாதத்தில் முள்ளெல்லாம் துரு. வீட்டுக்கு வந்ததும் துடைத்துத்தான் வைக்கிறேன். பெட்டி போலியா?

பதில்: பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் உள்ளே புகாத பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. ஈரத்தோடு முள்ளை வைத்து மூடினால் அந்த ஈரம் முழுவதும் உள்ளேயே நின்று வேலை செய்யும்.

‘துடைத்துத்தான் வைக்கிறேன்’ என்கிறீர்கள். துடைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். நம் ஊரில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மாலையில் உலர்ந்து தெரிந்த முள், காலையில் உப்புநீர்ப் படலத்தோடு கிடக்கிறது. ஒவ்வோர் இரவும் இதுவே நடந்தால் எந்த முள் தாங்கும்?

ஆகவே வீடு திரும்பியதும் அன்று பயன்படுத்தியவற்றை மட்டும் ஒரு வடிதட்டில் போட்டு, குழாய் நீரில் நன்றாக அலசுங்கள். உதறிவிட்டு, பழைய துணிமேல் பரப்பி, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். மறுநாள்தான் பெட்டிக்குள் போக வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று. கடலில் நனைந்த எதையும் அந்த இடத்திலேயே உலர்ந்தவற்றோடு சேர்க்காதீர்கள். கழற்றிய முள்ளையும் இரையையும் போட ஒரு சிறிய வலைப்பையையோ ஓட்டையுள்ள டப்பாவையோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விடாமல் செய்தால் மலிவான பெட்டியிலும் முள் நீண்ட காலம் நிற்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். போடலாம், ஆனால் மூடி இறுக்கமான பெட்டியில்தான் அதற்குப் பயன் உண்டு. காற்றோட்டமுள்ள பெட்டியில் போட்டால் சீக்கிரமே நிறைந்துபோகும். நிறம் மாறுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு நிற மணி பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். பொட்டலத்திலிருந்து மணிகளைக் கொட்டி, சுமார் 120 டிகிரி அடுப்பில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நிறைந்துபோன பொட்டலத்தைப் பெட்டியிலேயே விட்டுவைப்பவர்கள் பலர். அதனால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று: துருப்பிடிக்காத எஃகுக் குறட்டை முள் பெட்டிக்குள் போடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு வகை எஃகும் தொட்டுக்கொண்டு கிடந்தால் சாதாரண எஃகில் செய்த முள்தான் வேகமாக அரிக்கப்படும்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜம்): அண்ணா, நான் விரால், தோமான் மீன்களுக்குப் போகிறவன். ரப்பர் தவளை, ரப்பர் புழு எல்லாவற்றையும் கட்டை இரைகளோடு (வண்ணம் பூசிய கடினமான செயற்கை இரைகள்) ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் புழு உருகி, கட்டை இரையின் வண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. வெயிலால் வந்ததா?

பதில்: வெயில் அதை விரைவுபடுத்தும், காரணம் வேறு. ரப்பர் இரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உண்மையான ரப்பர் இல்லை. மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருள் கலந்த பி.வி.சி. அந்தப் பொருள் மெல்லக் கசிந்து, தொடுகிற வண்ணப்பூச்சையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், இது தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். இதில் ரப்பர் இரையை வைக்கவே கூடாது.

கடையில் வந்த உறையிலேயே வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. வண்ணங்களையும் கலக்காதீர்கள், சிவப்பு பக்கத்திலிருக்கும் வெள்ளையில் ஏறும். ரப்பர்போல் நன்றாக இழுபடும் டி.பி.இ. வகை இரைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைச் சாதாரண ரப்பர் இரையோடு சேர்த்தால் இரண்டும் கூழாகிவிடும்.

கேள்வி (பட்டர்வொர்த்): இரையும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் என்ன?

பதில்: வேண்டாம். உம்புன் புழுவோ இறாலோ கசியும் நீரும் உப்புநீர்தான். தனி டப்பா, தனிப் பக்கம்.

கேள்வி (பிறை): சலாம் அண்ணன். என்னிடம் இருப்பது கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) மட்டும். பாலம் ஏறித் தீவுக்கு வந்து மீன் பிடிக்கிறேன். கோலை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டினால் காற்று இழுக்கிறது. நல்ல வழி சொல்லுங்கள்.

பதில்: சலாம் தம்பி. முதுகில் நட்டுக்கொண்டு வருவதை இன்றோடு நிறுத்துங்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், பெரும்பகுதி திறந்த கடலின் மேல் போகிறது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கோல் உங்கள் உடம்பையே திருப்பும். ஊருக்குள் வந்தால் மரக்கிளை, கடைக் கூரை என்று தட்டும்.

ஹார்ட்வேர் கடையில் பி.வி.சி. குழாய் வாங்குங்கள். இரண்டு துண்டுக் கோல் ஒன்று என்றால் 50 மில்லிமீட்டர் அகலம் பெரும்பாலும் போதும். வளையங்கள் பெரியவை என்றால் 75. நீளம், கோலின் நீண்ட துண்டைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். ஒரு முனையை ஒட்டி மூடுங்கள், மறுமுனைக்குத் திருகு மூடி. இரு முனைகளிலும் பஞ்சு வையுங்கள். கீழ் மூடியில் சிறிய துளைகள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மழைநீரும் உப்புநீரும் அடியில் தேங்கி வளையங்களை அரிக்கும். குழாயை வண்டியின் நீளவாக்கில், இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கால் வைக்கும் இடத்தையும் பின்விளக்கையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரீலைக் கழற்றிப் பைக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.

ஈயக் குண்டு பையின் அடியில், முதுகை ஒட்டி இருக்கட்டும். பளு பின்னால் தள்ளி இருந்தால் தோள் சீக்கிரம் நோகும். புதுக் கோல் வாங்கும் எண்ணம் இருந்தால் நான்காகவோ ஐந்தாகவோ மடங்கும் பயணக் கோலைப் பாருங்கள். குழாயே தேவைப்படாது, பையோடு போய்விடும். காற்று பலமாக இருக்கும் நாளில் பாலத்தை விட்டு ஃபெரியில் வாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் வந்த புதிய ஃபெரிகள் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிள் ஏற்றும்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): அப்போலோ (ஒரே நரம்பில் வரிசையாகப் பல சிறு முட்கள் கட்டியது) ஒருமுறை பயன்படுத்தினால் மறுமுறை சிக்கு எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது.

பதில்: உறைக்குள் திரும்பத் திணிப்பதால் வரும் சிக்கல். அடர்த்தியான நுரைப் பலகையைக் கையளவு வெட்டி, ஒரு முனையில் பிளவு போட்டு நரம்பை அதில் மாட்டுங்கள். பிறகு சுற்றிக்கொண்டே வந்து ஒவ்வொரு முள்ளாக நுரையில் குத்துங்கள். அலசுவதும் பலகையோடேயே செய்யலாம்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): கணவாய் பிடிக்கும் இறால் வடிவ இரைகளை எப்படி வைப்பது?

பதில்: அவற்றின் மேல் இருப்பது துணி. உப்புநீரையும் கணவாய் மையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலோட்டமாக நனைத்தால் போதாது. வெந்நீர் வேண்டாம், சாதாரண நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வால்முனை ஊசிகளுக்குப் பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள், போட்டுவிடுங்கள். ஒவ்வோர் இரையும் தனி அறையில் தலைகீழாக நிற்கும்படியான பை இதற்கென்றே கிடைக்கிறது. அடிப்பகுதி வலையாக இருப்பதை எடுங்கள்.

கேள்வி (ரெலாவ்): அண்ணா, மீன் பிடிப்பவர் என் கணவர். அடுக்குமாடி வீடு, இரண்டு சிறு பிள்ளைகள். சாமான்கள் பால்கனியில் கிடக்கின்றன. எங்கே வைக்கச் சொல்வது?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. பிள்ளைகளுக்காகவும் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முள்ளைவிட ஈயக் குண்டுதான் எனக்குக் கவலை. பிள்ளைகள் வாயில் வைப்பார்கள், ஈயம் நஞ்சு. பழைய குண்டின் மேல் வெளுத்துப் படியும் தூளும் கையில் ஒட்டும். குண்டுகளை மூடியுள்ள தனி டப்பாவில், பூட்டும் அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவரும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சமையலறையில் எடுத்த டப்பாவை இதற்குப் பயன்படுத்தினால் அது திரும்பச் சமையலறைக்கு வரவே கூடாது.

பால்கனி இவற்றுக்கு ஏற்ற இடம் இல்லை. வெயில் நைலான் நரம்பைப் பலவீனப்படுத்தும். வெளியே பார்த்தால் தெரியாது, பெரிய மீன் இழுக்கும்போதுதான் அறுந்து தெரியும். கோல்களைச் சுவரில் சாய்த்து மாதக் கணக்கில் விடாமல், படுக்கைவாட்டில் இரண்டு கொக்கிகளில் கதவுக்கு மேலே வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாது. ரீலின் இழுவைத் திருகைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள்; இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் அழுந்திப்போகும்.

கேள்வி (பாயான் பாரு): எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எல்லாவற்றையும் காரின் பின்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: குறடு, கைவிளக்கு, மழைச்சட்டை இருக்கட்டும். மற்றவை வீட்டுக்கு வரட்டும். அந்த வெக்கையில் ரப்பர் இரை வளைந்துபோகும், பசை இளகும்.

கேள்வி (கோலாலம்பூர்): விமானத்தில் சபாவுக்குப் போகிறேன். கைப்பையில் கொண்டுபோகலாமா?

பதில்: முள், கத்தி, குறடு எல்லாம் ஒப்படைக்கும் பெட்டியில்தான். ரீலைக் கைப்பையில் வைக்க முடிந்தால் நல்லது, அடிபடாது. கோலின் நீளத்துக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் தனி விதி வைத்திருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (நிபோங் திபால்): படகில் பூலாவ் கெண்டி பக்கம் போகிறோம். பெட்டி படகின் தரையில் அங்கும் இங்கும் ஓடுகிறது, அடியிலெல்லாம் தண்ணீர்.

பதில்: படகுக்கு, மூடியுள்ள இருபது லிட்டர் வாளி எந்தப் பெட்டிக்கும் குறைந்ததில்லை. அடியில் கனமான குண்டுகளும் இரும்பு இரைகளும், அவற்றுக்கு மேல் தட்டைப் பெட்டிகள், பக்கத்தில் துணி. கைப்பிடியில் கயிறு போட்டுப் படகோடு கட்டிவிடுங்கள். படகில் அன்று தேவைப்படும் முள்ளையும் குண்டையும் நரம்பில் வீட்டிலேயே முடிந்து வைத்தால் வாளியைத் திறப்பது குறையும், உள்ளே அலை தெறிப்பதும் குறையும்.

நீண்ட மூக்குக் குறடு மட்டும் வாளிக்குள் போகக் கூடாது. இடுப்பில், சுருள் கயிற்றில் தொங்கட்டும். செம்பிலாங் மீன் மேலே வந்து துள்ளும்போது அதன் நச்சு முள்ளுக்குத் தப்பித் தூண்டிலைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.