14,000 ரூபாய் ஜப்பான் சிடி ப்ளேயரை வாங்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன், பணி ஓய்வு பெற்றவன். நாதஸ்வரம், கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு என்று 200 சிடி போல இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக உள்ளன, ப்ளேயர்தான் பழுதாகிவிட்டது. 15,000 ரூபாய்க்குள் வாங்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒருவர் 14,000 ரூபாய்க்குப் பழைய ஜப்பான் செட் ஒன்று தருகிறேன் என்கிறார். அதிலுள்ள சிப் இப்போது கிடைக்காதாம், சவுண்ட் பிரமாதமாக இருக்குமாம். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் ஐயா. முதலில் அந்தச் செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கரன்ட் ஒயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில் வோல்டேஜ் அச்சிட்டிருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அங்கே விற்பதற்காகச் செய்த செட்டை நம் பிளக்கில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும்.

“அதுக்கென்ன அண்ணாச்சி, ஸ்டெப் டவுன் சேர்த்தே தாரேன்” என்பார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப் டவுன் 230 வோல்ட்டை 110 ஆக்குவது. லைனில் 240 வந்தால் அது 115 கொடுக்கும். 100 வோல்ட் செட்டுக்கு அது நாளெல்லாம் கூடுதல் சூடு. எத்தனையோ நல்ல செட்டுகள் இப்படித்தான் வீணாகின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் புழங்கின. அதனால் வளைகுடா கடைகளுக்கு வந்த பல செட்டுகளின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். 110-120 என்று ஒரு பக்கம், 220-240 என்று மறு பக்கம். அப்படிச் சுவிட்ச் இருந்து, அது 220-240இல் நின்றால் தாராளமாக வாங்கலாம். வேறு பக்கம் நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மாற்றிய பிறகுதான் செருக வேண்டும். சுவிட்ச் இல்லாமல் 220-240 என்று மட்டும் அச்சிட்டிருந்தாலும் சரிதான். ஆனால் அது கம்பெனி அச்சிட்டதாக இருக்க வேண்டும், மேலே யாரோ ஒட்டிய ஸ்டிக்கராக இருக்கக் கூடாது. நம் பக்கம் துபாய், சவூதி போய் வந்தவர்கள் வீட்டுப் பரண்களில் இப்படிப்பட்ட செட்டுகள் இன்னும் கிடக்கின்றன. தரகரிடம் போகும் முன் சொந்தபந்தத்தில் விசாரியுங்கள். பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்.

அடுத்தது லென்ஸ். சிடி ப்ளேயரின் உயிர் அதில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அனுப்பிப் பாட்டைப் படிக்கிற பகுதி அது. வருஷக்கணக்கில் ஓடினால் ஒளி மங்கும், சிடி திக்கும். பழைய செட்டுகள் பலவற்றில் லென்ஸோடு ஒரு சின்னப் பிரீசெட் இருக்கும். அதைத் திருகி லேசருக்குப் போகும் கரன்ட்டைக் கூட்டினால், சாகக் கிடக்கிற லென்ஸும் கொஞ்ச நாள் ஜோராகப் பாடும். விற்பவர் உங்கள் முன்னால் போட்டுக் காட்டி, பணத்தை வாங்கிவிடுவார். சீக்கிரமே லென்ஸ் ஒரேயடியாகச் செத்துவிடும். இந்த வேலையைச் செய்கிற ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. பென்ஷன் பணத்தில் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவரை ஏமாற்றுவது அது.

இதைப் பிடிக்க ஒரு வழி, சோதனைக்கு உங்கள் சிடிகளைக் கொண்டுபோவது. 70 நிமிஷத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்று, வீட்டில் பதிவு செய்த சிடி ஒன்று, லேசாகக் கீறல் விழுந்தது ஒன்று. சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படும். விளிம்புக்குப் போகப்போக சிடியின் ஆட்டம் கூடும், தளர்ந்த லென்ஸ் அங்கேதான் தடுமாறும். கடைக்காரர்கள் எப்போதும் முதல் பாட்டையே போட்டுக் காட்டுவார்கள், நீங்கள் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு மணி நேரம் விடாமல் ஓடட்டும். சூடேறிய பிறகும் திக்காமல் பாடினால் லென்ஸ் தேவலை. “அவ்வளவு நேரம் ஓட விட முடியாது” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிடைக்காத சிப் என்பதெல்லாம் விலையை ஏற்றுவதற்கான பேச்சு. 1982இல் சிடி வந்தபோது ஒலியை எண்களாகப் பதிய வகுத்த அளவுகள்தான், 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், இன்றும் சிடியில் இருப்பவை. அதை ஒழுங்காக ஒலியாக்க இன்றைக்குச் சாதாரண சிப்பே போதும். சவுண்டில் பெரிய வித்தியாசம் ஸ்பீக்கரிலும் பதிவிலும்தான் இருக்கிறது. காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தவர். அவருடைய நாதஸ்வரத்தோடு கேட்கும் இரைச்சல் அந்தக் காலப் பதிவிலேயே உள்ளது. எந்த ஜப்பான் சிப்பும் அதை எடுத்துவிடாது, எடுக்கவும் வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? யமஹா, டெனான், மராண்ட்ஸ் கம்பெனிகளின் புது சிடி ப்ளேயர்கள் உங்கள் தொகையைத் தாண்டும். வளைகுடா செட் கிடைக்காவிட்டால், நான் சொல்வது ஒரு புது டிவிடி ப்ளேயரும் தனி டேக் (DAC) ஒன்றும். சிடியில் எண்களாக இருப்பதை ஒலியாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் டேக். டிவிடி ப்ளேயர் ஆடியோ சிடியையும் படிக்கும், எம்பி3 சிடியையும் படிக்கும். பழைய ஜப்பான் செட்டில் எம்பி3 பாடாது, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்பக்கம் கோஆக்சியல் என்று எழுதிய துளை இருக்கிறதா, முன்பக்கம் பாட்டு எண் காட்டும் டிஸ்ப்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்ப்ளே இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டிவியைப் போட்டுத்தான் பாட்டைத் தேட வேண்டும். கோஆக்சியலிலிருந்து டேக்குக்கு ஒரு ஒயர், டேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே உங்கள் 15,000க்குள் அடங்கும். நாளைக்கு ப்ளேயர் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், டேக் அப்படியே இருக்கும். சில டிவிடி ப்ளேயர்களில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கொஞ்சம் இடைவெளி விழும். கச்சேரி சிடியில் ஆலாபனை தனியாகவும் கீர்த்தனை தனியாகவும் இருந்தால் அது உறுத்தும், கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பழைய ப்ளேயரை கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனீர்களா என்று தெரியவில்லை. போயிருந்தால், “இந்த மாடலுக்கு ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்கோங்க” என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்தப் பதில் எனக்கு அலுத்துவிட்டது. நன்றாக உழைக்கிற பொருளைச் செய்து விற்றுவிட்டு, ஒரு லென்ஸையும் ஒரு ரப்பர் பெல்ட்டையும் வைத்திருக்க மனமில்லை. தட்டு வெளியே வர மறுத்தால் பல சமயம் பெல்ட் தளர்ந்துபோனதுதான் காரணம், மலிவாக முடியும் வேலை. ஆகவே புதுசுக்குப் பணம் போடும் முன், பழையதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். திக்குவதுதான் பிரச்சினை என்றால், உங்கள் ஊர்ச் சாரல் காற்றின் ஈரமும் தூசியும் லென்ஸில் படிந்திருக்கலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், அழுத்தாமல் துடைத்தாலே தெளிந்துவிடும். பிரஷ் வைத்த கிளீனிங் சிடியை மட்டும் போடாதீர்கள், லென்ஸைத் தாங்கும் நுணுக்கமான பகுதியை அது கோணலாக்கிவிடலாம்.