ஊருக்குப் போனாலும் புல்லுக்குத் தண்ணீர்: ஸ்பிரிங்க்ளர் கேள்வி பதில்

அமெரிக்காவில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறேன். வீட்டைச் சுற்றி எட்டு ஜோன் ஸ்பிரிங்க்ளர் (ஒரு வால்வு திறந்தால் நனையும் பகுதி ஒரு ஜோன்). ஒன்பது வருஷமாக அதை நோண்டிக்கொண்டிருப்பதுதான் என் சனிக்கிழமை. உரிமம் பெற்ற ஆள் இல்லை. என் வீட்டில் செய்து பார்த்ததையும் கெடுத்துப் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, புது வீடு வாங்கியிருக்கிறோம். கராஜ் சுவரில் பழைய ரெயின் பேர்ட் டைமர் பெட்டி ஒன்று இருக்கிறது. கைபேசியிலிருந்து இயக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? புல்லைத் தோண்ட வேண்டுமா? (ஃபிரிஸ்கோ)

மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் வால்வுகளுக்கு உங்கள் பெட்டி பழசா புதுசா என்று தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் 24 வோல்ட் ஏசி. அது வந்தால் திறக்கும், நின்றால் மூடும். ஜோனுக்கு ஒரு வயர், எல்லா ஜோனுக்கும் சேர்த்து ஒரு காமன் வயர், அவ்வளவுதான். வீட்டு வால்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். அதனால் சுவரில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதல் வேலை, கைபேசியில் ஒரு படம். ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். காமன் வழக்கமாக வெள்ளை வயர்தான், ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். ‘சி’ என்ற முனையில் எது இருக்கிறதோ அதுதான் காமன். ‘எம்வி’ என்ற முனையில் வயர் இருந்தால் அது மாஸ்டர் வால்வு, அதாவது எல்லா ஜோனுக்கும் முன்னால் நின்று தண்ணீரை அடைக்கும் வால்வு. புதுப் பெட்டியில் அதைச் செருக மறந்தால் எந்த ஜோனும் வராது. ‘பெட்டியே பழுது’ என்று திருப்பி அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

ராச்சியோ, ஹன்டர் ஹைட்ராவைஸ், ஓப்பன்ஸ்பிரிங்க்ளர்… எந்தப் பெட்டியை வாங்குவது? வீட்டுக் கருவிகளை இயக்க ஏற்கெனவே ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடுகிறது. (ஹூஸ்டன்)

எல்லாம் தண்ணீர் விடும். வித்தியாசம், கட்டளை எந்த வழியாக வருகிறது என்பதில். ராச்சியோவும் ஹைட்ராவைஸும் அந்தந்த நிறுவனத்தின் க்ளவுட் வழியாகத்தான் ஹோம் அசிஸ்டென்டோடு பேசும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாலும் கட்டளை ஊரைச் சுற்றிவிட்டுத்தான் கராஜுக்கு வரும். ரெயின் பேர்டில் வைஃபை மாட்யூல் செருகும் வசதியுள்ள மாடல் என்றால் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஓப்பன்ஸ்பிரிங்க்ளர் பெயருக்கேற்றபடி திறந்த மூல நிரல். அட்டவணை, நிறுத்தம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். என் வீட்டில் இப்போது இருப்பது அதுதான். அழகில் ராச்சியோவின் ஆப் எங்கோ இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள் என்றால் அதை வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதல் வாரமே ஒரு சோதனை: இரவில் ரவுட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். காலையில் புல் நனைந்திருக்கிறதா, ஜோன் நேரத்துக்கு நின்றதா என்று பாருங்கள். நிற்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். கராஜில் சிக்னல் எப்படி என்று கைபேசியை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அண்ணா, நான் மாணவன், வாடகை வீடு. வீட்டுக்காரர் அனுமதி தந்துவிட்டார். இஎஸ்பி32 போர்டும் எட்டு ரிலேயும் வாங்கினால் கொஞ்சம் டாலரில் முடிந்துவிடும் போல. நானே செய்யலாமா? (ஆஸ்டின்)

செய்யலாம் தம்பி. இஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள சின்ன சில்லு, ரிலே என்பது அது தட்டும் மின்சுவிட்ச், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜூலை மாதம், தங்கை கல்யாணத்துக்காக மதுரையில் இருக்கிறேன். என் ஏற்பாடு இதுதான்: காலை 5 மணிக்கு ஹோம் அசிஸ்டென்ட் ‘ஆன்’ அனுப்பும், 5.12க்கு ‘ஆஃப்’ அனுப்பும். அன்றைக்கு 5 மணிக்கு ஆன் போனது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஹோம் அசிஸ்டென்ட் ஓடிக்கொண்டிருந்த ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கணினியின் மெமரி கார்டு செத்துப்போனது. ஆஃப் போகவே இல்லை. ரிலே போர்டு சமர்த்தாக, ‘ஆன் என்றுதானே சொன்னீர்கள்’ என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸப்பில் படம் அனுப்பினார்: நடைபாதையைத் தாண்டித் தெருவோரம் ஓடை மாதிரித் தண்ணீர், அதில் யாரோ வீட்டுக் குழந்தையின் செருப்பு ஒன்று மிதந்து போகிறது. அந்த ஜோன் நிமிஷத்துக்கு 12 கேலன் குடிக்கும். ஒன்பது மணி நேரத்துக்கு 6,480 கேலன், கிட்டத்தட்ட 24,500 லிட்டர். அதைக் கேட்ட எங்கள் அப்பா முகம் போன போக்கை விடுங்கள். வைகையில் மணல் மட்டும் பார்த்து வளர்ந்த ஊர் அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். வால்வுக்கு ‘ஆன்’ என்று சொல்லவே கூடாது, ‘பத்து நிமிஷம்’ என்று சொல்ல வேண்டும். நேரத்தை எண்ணி நிறுத்தும் பொறுப்பு ரிலேக்குப் பக்கத்தில் இருக்கும் சில்லுக்குள் இருக்க வேண்டும், வேறெங்கோ இருக்கும் சர்வரிடம் அல்ல. இந்த போர்டுகளுக்கு நிரல் அமைத்துத் தரும் இஎஸ்பிஹோமில் ஸ்பிரிங்க்ளருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு வால்வுக்கும் ஓடும் நேரம் கொடுத்துவிட்டால், சர்வர் செத்தாலும் வைஃபை போனாலும் போர்டே நிறுத்திவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். மலிவான ரிலே போர்டுகள் பல, சில்லின் ‘பின்’ (மின்முனை) வோல்ட் தாழ்ந்தால் ஆன் ஆகும் வகை. மின்சாரம் போய்த் திரும்பும்போது ஒரு கணம் எல்லா ரிலேயும் டக்டக்கென்று அடிக்கும். அதனால் பின்னைத் தலைகீழாக அமைத்து, பூட் ஆகும்போது எப்போதும் ஆஃப் என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது, ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் எந்த நிரலாலும் அதைப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் மாஸ்டர் வால்வு. அதைத் தனி ரிலேயில் போட்டால், ஒன்று ஒட்டினாலும் மற்றது அடைத்துவிடும்.

சார், வீட்டு முன்னால் 600 சதுர அடி புல்தரை. ஆன்லைனில் 24 வோல்ட் வால்வும் பாப்-அப் ஸ்பிரிங்க்ளரும் வாங்கி மாடித் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். ஸ்பிரிங்க்ளர் எழும்பவே மாட்டேன் என்கிறது. வால்வும் சரியாக மூடுவதில்லை, சொட்டுகிறது. வைஃபை ரிலே எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. (கோயம்புத்தூர்)

ரிலேயை விட்டுவிடுங்கள், கோளாறு உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உங்கள் தொட்டி ஆறு மீட்டர் என்று வைத்தால் 0.6 பார், அதிலும் குழாய் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். பாப்-அப் தலைக்கு 2 பார் பக்கம் வேண்டும். எங்கள் ஊரில் நகராட்சிக் குழாயிலேயே அதைவிட அதிகமாக வருவதால் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை.

வால்வு சொட்டுவதற்கும் அதுதான் காரணம். அந்த வால்வைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். சாலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) அதை நேரடியாகத் தூக்குவதில்லை. மேலே இருக்கும் ஊசித் துவாரத்தைத் திறந்துவிடும், மேல்பக்க அழுத்தம் இறங்கும், கீழிருந்து வரும் தண்ணீரே ரப்பரைத் தள்ளித் திறக்கும். மூடுவதும் தண்ணீரின் அழுத்தத்தால்தான். அழுத்தமே இல்லையென்றால் அது அரைமனசாக உட்கார்ந்திருக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி. தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு பிரஷர் பூஸ்டர் பம்ப் வைத்தால் இப்போது வாங்கிய எல்லாமே வேலை செய்யும். இல்லையென்றால் டயாஃப்ரம் வால்வைத் தள்ளிவைத்து, 12 வோல்ட் மோட்டாரில் திரும்பும் பந்து வால்வு வாங்குங்கள். அதற்கு அழுத்தம் தேவையில்லை. ஆனால் அந்த வழியில் பாப்-அப் எழும்பாது. செடிகளுக்குச் சொட்டுக் குழாய் போடலாம், புல்லுக்கு ஹோஸ்தான்.

போர்வெல் மோட்டாரையும் கைபேசியில் போடலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், ஆனால் மோட்டாரைச் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் செருகாதீர்கள். கிளம்பும் நொடியில் ஒரு எச்பி மோட்டாரே ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும், பிளக் உருகும். வைஃபை ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். டிரை ரன் பாதுகாப்பு (தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்துவது) இல்லாமல் தூரத்திலிருந்து போர்வெல்லை இயக்கவே வேண்டாம். உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு டிஸ்க் ஃபில்டர் போட்டு மண்ணையாவது தடுங்கள். உப்புப் படிந்த தலைகளை அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும்.

வானிலையைப் பார்த்துத் தானாக ஓட்டுகிறது, மழை வந்தால் விட்டுவிடுகிறது என்கிறார்கள். நம்பலாமா? அப்புறம் நகராட்சியின் கிழமை விதி வேறு இருக்கிறதே. (டாலஸ்)

கிழமை விதியை முதலில் பெட்டியில் தடையாகப் போட்டுவிடுங்கள். டாலஸில் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு நாள். கதவு எண் இரட்டைப்படை என்றால் வியாழன், ஞாயிறு. ஒற்றைப்படை என்றால் புதன், சனி. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை காலை 10 முதல் மாலை 6 வரை ஓட்டக்கூடாது. பக்கத்து ஊர்களில் விதி வேறு, அந்தந்த ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இன்று வெயில் அதிகம்’ என்று ஆப் தானாகவே மூன்றாவது நாள் சேர்த்துவிட்டால் அபராதச் சீட்டு உங்களுக்குத்தான் வரும், ஆப்புக்கு வராது.

வானிலைக் கணக்கு அடிப்படையில் நல்லதுதான். வெயில், காற்று, ஈரப்பதத்தை வைத்துப் புல்லும் மண்ணும் எவ்வளவு நீரை ஆவியாக விட்டன என்று கணக்கிட்டு அவ்வளவு திருப்பிக் கொடுப்பது. ஆனால் மழை விஷயத்தில் தொலைவில் இருக்கும் நிலையத்தை முழுசாக நம்பாதீர்கள். இங்கே ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் தூசி பறக்கும். கூரையோரம் ஒரு மழை சென்சார் மாட்டி, பெட்டியின் சென்சார் முனையில் இரண்டு வயரையும் கொடுங்கள். அதற்கு இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் நம் மண். இந்தப் பக்கம் கறுப்புக் களிமண். ஸ்பிரே தலை மணிக்கு ஒன்றரை அங்குலம் பொழியும், களிமண் மணிக்குக் கால் அங்குலம்கூடக் குடிக்காது. பதினைந்து நிமிஷம் ஒரே மூச்சாக விட்டால் பாதி தெருவுக்குத்தான். ஐந்து ஐந்து நிமிஷமாக மூன்று முறை, நடுவே அரை மணி இடைவெளி. எல்லா நல்ல பெட்டியிலும் இந்த வசதி உண்டு, தேடி எடுத்துப் போடுங்கள். உங்கள் தலைகள் உண்மையில் எவ்வளவு பொழிகின்றன என்று தெரிய, டூனா மீன் டப்பாக்கள் ஐந்தாறைப் புல்லில் வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டி ஸ்கேலால் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஜோனில் ஒரு டப்பாவில் இருந்ததைப்போல மூன்று மடங்கு இன்னொன்றில் இருந்தது. தலை ஒன்று வேலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

குளிர்காலத்துக்கு இந்த ஆட்டோமேஷனில் ஏதாவது செய்ய முடியுமா? (நியூ ஜெர்சி)

உங்கள் ஊரில் அது கைவேலை. வரும் தண்ணீரை அடைத்து, கம்ப்ரசரால் காற்றூதிக் குழாயைக் காலி செய்தாக வேண்டும். வெளியே நிற்கும் பேக்ஃப்ளோ வால்வையும் (தோட்டத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) வடித்துவிட வேண்டும். பெட்டியை அணைத்துவைக்கலாம், அவ்வளவுதான். 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சஸ்காரர்கள் நாங்களே இதைக் கற்றுக்கொண்டோம், பித்தளை வெடித்த பிறகு.

அலெக்சாவிடம் சொல்லி இயக்கலாமா? (அட்லாண்டா)

இயக்கலாம். எங்கள் வீட்டில் பையனுக்கு அது தெரிந்த அன்றைக்கு, பார்சல் கொண்டுவந்தவர் தொப்பலாக நனைந்து போனார். இப்போது நிறுத்துவதற்கு மட்டும்தான் வாய்ச்சொல்.

வெளியூரிலிருந்து இயக்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டேன். யாராவது புகுந்துவிடுவார்களா? புகுந்தாலும் தண்ணீர்தானே? (ஃபீனிக்ஸ்)

இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவு அது, இன்றைக்கே மூடுங்கள். 2018இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டு ஸ்பிரிங்க்ளர் கன்ட்ரோலர்களைத்தான் ஆராய்ந்தார்கள். கடைகளில் விற்ற மூன்று கன்ட்ரோலர்களில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 1,355 ஸ்பிரிங்க்ளர்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ஒரு நகரத் தண்ணீர்க் கோபுரத்தை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆக, உங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் இல்லை. போர்ட்டுக்குப் பதில் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் (உங்களுக்கு மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்குள் தனி வழி போடும் விபிஎன் மென்பொருள்கள்) போடுங்கள், அரை மணி வேலை. அதுவும் தலைவலி என்றால் ஹோம் அசிஸ்டென்டின் சந்தா க்ளவுட் இருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டிகளை முடிந்தால் விருந்தினர் வைஃபையில் தனியாக வையுங்கள், மடிக்கணினி இருக்கும் நெட்வொர்க்கில் வேண்டாம்.

ஆப்பில் மூன்றாவது ஜோன் ‘ஓடுகிறது’ என்று பச்சையாகக் காட்டுகிறது. புல் காய்ந்து கிடக்கிறது. (சான் அன்டோனியோ)

அந்தப் பச்சை விளக்குக்குத் தெரிந்தது, கரண்ட் கொடுக்கச் சொல்லியாகிவிட்டது என்பது மட்டும்தான். தண்ணீர் போனதா என்று அதற்கு எப்படித் தெரியும்? மல்டிமீட்டரை எடுங்கள். ஜோன் ஓடும்போது ‘சி’க்கும் மூன்றாம் முனைக்கும் நடுவே 24 முதல் 28 வோல்ட் வர வேண்டும். வந்தால் பெட்டி நல்லது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, மூன்றாம் வயரைக் கழற்றி, அதற்கும் காமனுக்கும் நடுவே மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். 20 முதல் 60க்குள் இருந்தால் சாலினாய்டும் வயரும் சரி, வால்வுக்குள் குப்பை. எண்ணே வராமல் எல்லையில்லாமல் காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் வால்வுப் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புதான். அங்கே சாதாரணத் திருகு மூடி போட்டிருந்தால் துரு பிடித்திருக்கும், கிரீஸ் நிரப்பியதை வாங்கிப் போடுங்கள்.

தண்ணீர் உண்மையாகவே ஓடுகிறதா என்று ஊரிலிருந்து தெரிய வேண்டுமென்றால் ஃப்ளோ சென்சார் ஒன்றுதான் வழி. எல்லா ஜோனும் மூடியிருக்கும்போது ஓட்டம் தெரிந்தால் கைபேசிக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். மதுரைக்குப் பிறகு வாங்கிய முதல் சாமான் அதுதான்.

வால்வுப் பெட்டியின் பச்சை மூடியைத் தூக்கும்போது மட்டும் கவனம். முதலில் ஸ்க்ரூடிரைவரால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். நம் பக்கம் அந்தக் குழிக்குள் வயிற்றில் சிவப்புப் புள்ளியோடு கறுப்புச் சிலந்தி குடியிருக்கும்.