தொட்டிக்குள் கொய்யாக் கட்டை

கேள்வி: எங்கள் வீட்டுக் கொய்யா மரம் பட்டுப்போனதால் வெட்டிவிட்டோம். அதில் வளைந்து நெளிந்த கிளை ஒன்றைப் பட்டையோடு அப்படியே, செடி வளர்க்கும் மீன் தொட்டியில் வைக்க ஆசை. வைக்கலாமா? தண்ணீர் பழுப்பாகிவிடும் என்கிறார்களே? கார்டினல் டெட்ரா வளர்க்கிறேன்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக வைக்கலாம். கடையில் விலை கொடுத்து வாங்கும் கட்டைக்கு கொய்யா ஒன்றும் குறைந்ததல்ல. ஆனால் மரம் பட்டுப்போனதாலேயே கிளை காய்ந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையோ ஈரமோ தெரிந்தால் இன்னும் சில மாதம் நிழலில் கிடக்கட்டும். பச்சைக் கட்டையின் சாறு தண்ணீரில் இறங்கி அழுகினால் மீனுக்கு மூச்சுமுட்டும். பூச்சிமருந்து அடித்த மரம் என்றால் வேண்டவே வேண்டாம்.

பட்டை எனக்கும் பிடிக்கும், அதுவும் கொய்யாப் பட்டையின் அந்த வழவழப்பு! ஆனால் தண்ணீருக்குள் முதலில் அழுகுவது பட்டையும் அதன் அடியில் இருக்கும் நாரும்தான். செதில் செதிலாக உரிந்து செடி இடுக்கில் தங்கும், ஃபில்டரை அடைக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்தால் இளகிவிடும், உரித்துவிடுங்கள். வைரம் பாய்ந்த பாகம்தான் வருடக்கணக்கில் நிற்கும்; மெல்லிய சுள்ளிகளை நம்பாதீர்கள்.

பழுப்பு நிறம் டானின் என்ற துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கெடுதல் இல்லை. கார்டினலின் பூர்வீகமான தென் அமெரிக்க ரியோ நீக்ரோ ஆறே, காட்டு இலைதழை ஊறிக் கட்டஞ்சாயா நிறத்தில் ஓடுவதுதான். செடிக்குத்தான் வெளிச்சம் குறையும். அதனால் வாளியில் ஊறப்போட்டு, நிறம் வெளுக்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்படியும் மிதந்தால் அடியில் ஒரு கிரானைட் துண்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் முடுக்கிவிடுங்கள்.

முதல் சில வாரம் கட்டைமேல் வெள்ளையாகக் கொழகொழவென்று படரும். பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும், நாளடைவில் தானாக நின்றுவிடும்.

அப்புறம், அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன் செடி ஒன்றை அதன்மேல் வையுங்கள். இலையும் வேரும் முளைக்கும் அதன் கிடைத்தண்டை (படுத்தவாறு வளரும் தண்டு) மணலில் புதைத்தால் அழுகிவிடும். பருத்தி நூலால் கட்டையோடு சேர்த்துக் கட்டினால், நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிய கட்டையைப் போடலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். உள்ளே ஏறிய உப்பு லேசில் போகாது. படகுப் பலகையாக இருந்தால் பெயின்ட்டும் சேர்ந்து இறங்கும்.