கீறல் இல்லாத சைக்கிள்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு நடிகர் ஈவ் மோன்தான் நடித்த ‘இசட்’, ‘ஐ கம் இகார்’ இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். பாட்டுக்காரராக இருந்தவர் அரசியல் கொலைப் படங்களுக்கு வந்தது அவருக்கு லாபமா நஷ்டமா? உலகத்தின் பெரிய அரசியல் கொலைகள் எல்லாமே உளவுத்துறைகளின் சதிதான் என்று நினைக்கிறேன். கென்னடி கொலை பற்றி உங்கள் கருத்து என்ன?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் சித்தப்பாவுக்குத் திதி. திருவையாறு படித்துறையில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மோன்தான் முசோலினிக்குப் பயந்து இத்தாலியை விட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை. பிரான்சின் மார்செய் நகரில் அக்கா நடத்திய சலூனில் முடிவெட்டியவர். ‘இசட்’ வந்த 1969இல் அவர் பெரிய நட்சத்திரம். அப்படியும் பாதிக்கு முன்பே செத்துப்போகிற வேஷத்தை ஏற்றார். மறுவருஷமே ஸ்டாலின் கால வழக்கு ஒன்றைப் பற்றிய படத்தில் நடித்துப் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார். லாப நஷ்டம் பார்க்கிறவர் செய்கிற வேலையா இது?

கென்னடியை விடுங்கள். அதைப் பேச டீக்கடைக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

‘எல்லாமே உளவுத்துறைதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். சதி இல்லை என்று சொல்லவில்லை. கியூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்ல அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ குறைந்தது எட்டு முறை திட்டம் போட்டதை 1975இல் அமெரிக்க செனட் குழுவே எழுதி வைத்தது. அவர் 90 வயதுவரை இருந்து 2016இல்தான் போனார். காங்கோ நாட்டின் முதல் பிரதமர் லுமும்பாவைக் கொல்லவும் அங்கே விஷம் அனுப்பினார்கள். அது பயன்படவே இல்லை. 1961 ஜனவரியில் அவரைச் சுட்டது காங்கோவின் கட்டாங்கா மாகாணத்தில் இருந்த உள்ளூர் ஆட்கள், பெல்ஜிய அதிகாரிகள் பக்கத்தில் நிற்க. உடலை அமிலத்தில் கரைத்தார்கள். குடும்பத்துக்கு 2022இல் திரும்பிக் கிடைத்தது ஒரே ஒரு பல்.

உள்ளூர்க் கை இல்லாமல் எதுவும் நடப்பதில்லை தம்பி. ‘இசட்’ படத்துக்கு மூலமான, கிரேக்க எம்.பி. லாம்ப்ராகிஸின் கொலையையே பாருங்கள். 1963இல் தெசலோனிகி தெருவில் ஒரு மூன்று சக்கர வண்டி, ஒரு தடி, வேடிக்கை பார்த்த போலீஸ். விபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள். சார்ட்செடாகிஸ் என்கிற இளம் நீதிபதி கொலை என்று தோண்டி எடுத்தார். வண்டி ஓட்டியவனும் தடியால் அடித்தவனும் சிறைக்குப் போனார்கள், போலீஸ் அதிகாரிகள் விடுதலை. ராணுவ ஆட்சி வந்ததும் அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து தூக்கிச் சிறையில் போட்டது. 1985இல் அவரே கிரேக்க நாட்டு ஜனாதிபதி ஆனார், அது வேறு கதை.

‘ஐ கம் இகார்’ நடுவே ஒரு மின்அதிர்ச்சிச் சோதனை வருமே, அது மில்கிராம் என்கிற உளவியலாளர் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை. மேலே இருப்பவர் சொன்னால் சாதாரண மனிதர்கள் அடுத்தவருக்கு எவ்வளவு மின்அதிர்ச்சி கொடுக்கத் துணிவார்கள் என்று பார்த்தார். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ஒருவரும் உளவாளி இல்லை.

சித்தப்பா இந்தப் படம் எதையும் பார்த்ததில்லை. டெல்டாவில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தார். கூலி உயர்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி வாய்க்கால் கரையில் செத்துக் கிடந்தார். சைக்கிளில் போகும்போது டிராக்டர் மோதிவிட்டது என்று எழுதச் சொன்னார்கள். மேலேயிருந்து போன்கூட வரவில்லை. சித்தப்பாவோடு தினமும் காபி குடிக்கிற நாலு பேர் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் செத்தவருடைய சைக்கிள் மதகுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தது. மட்கார்டில் கீறல் இல்லை. டைனமோ விளக்கின் கண்ணாடி உடையவில்லை. ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குவாளியில் கஞ்சி சிந்தாமல் இருந்தது. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுகிற பார்வை மகஜரில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். கஞ்சியைக்கூட எழுதினார்.

பத்தே நாளில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். கடைசியில் இரண்டு கூலியாட்கள் உள்ளே போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்த நாலு பேரில் ஒருவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுப் போனார்.

எல்லாம் அமெரிக்காக்காரன் வேலை என்று நீங்கள் சொல்லும்போது அந்த பெஞ்சு உங்கள் கண்ணில் படாமல் போகிறதே, அதுதான் என் ஆற்றாமை. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு ராத்திரி கண்விழித்து இந்தப் படங்களைப் பார்க்கிற பிள்ளையிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்த மாற்றல் உத்தரவைச் சித்தி டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். திதி முடிந்து இலை எடுத்த பிறகு கொண்டுவந்து காட்டினார்.

அன்புடன்.