எல்இடி மாற்றிய பிறகு மீட்டரில் பாதி இருட்டு: பதில்

வண்டியின் ஸ்பீடோமீட்டர் பலகையில் வெளிச்சம் தரும் நான்கு பல்புகளையும் எல்இடியாக மாற்றியதும் இரண்டு மட்டுமே எரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். எரியாத அந்த இரண்டு எல்இடியையும் ஹோல்டரோடு கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

பழைய பல்புக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். எல்இடிக்கு அப்படி இல்லை, தலைகீழாகப் போனால் எரியாது. நான்கில் இரண்டு மட்டும் எரிகிறது என்றால் அனேகமாக இதுதான் காரணம்.

திருப்பியும் எரியவில்லையா? அதே இடத்தில் பழைய பல்பை மாட்டுங்கள். அது எரிந்தால் எல்இடி போச்சு. அதுவும் எரியாவிட்டால் ஹோல்டர் உட்காரும் செம்புத் தடத்தில் அழுக்கு. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும். மீட்டரை மூடி ஸ்க்ரூ போடுவதற்கு முன் பார்க் லைட்டைப் போட்டு எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். நான் மூடிவிட்டுத்தான் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

பேட்டரி சின்னம் போட்ட எச்சரிக்கை விளக்கை மட்டும் மாற்றாதீர்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) சார்ஜ் செய்யத் தொடங்கத் தேவையான மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

அப்புறம் வெளிச்சம். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் குறைத்தாலும் சில எல்இடி மங்காது, மினுக்கும். சேலம் ஊருக்குள் தெருவிளக்கில் அது தெரியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரவுப் பனிமூட்டத்தில் ஏறும்போது நீல வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசும். எனக்கு அந்த நீலமே பிடிக்காது. மஞ்சள் கலந்த வெள்ளை வாங்குங்கள்.