பழைய படைத் துப்பாக்கிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு அடிக்கடி வரும் தரகர் ஒருவர், சேதுபதி சமஸ்தானத்துச் சேவகர் வீட்டிலிருந்து கிடைத்தது என்று சொல்லி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி ஒன்றைக் காட்டினார். விசைத்தகட்டில், அதாவது சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகட்டில், கிரீடம் ஏந்திய சிங்கமும் 1794 என்ற ஆண்டும் உள்ளன. படங்களை இணைத்திருக்கிறேன். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: கொடுக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனி தன் துப்பாக்கிகளில் பதித்தது சிங்கத்தை அன்று. நான்கு கூறாகப் பிரித்துக் கம்பெனியின் முதலெழுத்துகளை அடைத்த இதய வடிவ முத்திரையைத்தான். பின்னங்கால்களில் எழுந்து நின்று கிரீடம் ஏந்தும் சிங்கம் அந்த இடத்துக்கு வந்தது 1808-ஐ ஒட்டியே. எனவே 1794 என்ற ஆண்டும் அந்தச் சிங்கமும் ஒரே நாளில் ஒரே தகட்டில் பொறிக்கப்பட்டிருக்க வழியில்லை. பிற்காலத் தகடு ஒன்றில் வயதைக் கூட்டுவதற்காக ஆண்டை வெட்டியிருக்க வேண்டும், அல்லது தகடு முழுவதுமே புதிதாகச் செய்ததாக இருக்க வேண்டும்.

எது என்பதையும் உங்கள் மூன்றாவது படம் காட்டிவிடுகிறது. ஆண்டின் '7' என்ற எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் கால் ஒரு துருப்பள்ளத்தின் குறுக்கே இறங்குகிறது. பள்ளத்தின் அடியிலும் கோடு அறுபடாமல், கூர்மையாகத் தொடர்கிறது. எழுத்து முதலில் வெட்டப்பட்டுத் துரு பின்னால் வந்திருந்தால், துரு அந்தக் கோட்டை அரித்து மங்கச் செய்திருக்கும். இங்கே உளி துருவின் மேல் நடந்திருக்கிறது. சிங்கத்தின் விளிம்புகளோ தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. ஆகவே தகடு பழையது, ஆண்டு புதியது என்பதே என் முடிவு.

மற்ற பாகங்களை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்களே சோதிக்கக் கூடியவை உண்டு. கம்பெனிக்காக வடிவமைக்கப்பட்டு, 1790-களில் பிரிட்டிஷ் படையும் எடுத்துக்கொண்ட 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியின் குழல் 39 அங்குல நீளமும் ஏறத்தாழ முக்கால் அங்குலத் துவாரமும் கொண்டது. கட்டை வால்நட் மரம். நாடகத்துக்கும் பழம்போர்க் காட்சிகளுக்கும் என்று நம் நாட்டிலேயே செய்யப்படும் நகல்களில் பெரும்பாலும் தேக்கு அல்லது ஈட்டி மரத்தைக் காணலாம். நகலை நகல் என்று சொல்லி விற்பவரிடம் எந்தக் குற்றமும் இல்லை. அதை வாங்கி, நவச்சாரமும் உப்பும் தடவித் துருவேற்றி, பரம்பரைச் சொத்து என்று கைமாற்றுபவரே மோசடிக்காரர். அவ்வகை நகல்கள் பலவற்றில் பற்றுவாய், அதாவது வெடிமருந்துக்குத் தீ போகும் துளை, இடப்படாமலே வரும். பிறகு துளைத்தால் விளிம்பு கூர்மையாகவும் சுற்றுப்புறம் வழவழப்பாகவும் இருக்கும். உண்மையில் சுடப் பயன்பட்ட துப்பாக்கியில் அந்த இடத்தை மருந்துப் புகை அரித்து, துளையை அகலச் செய்திருக்கும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். சோதிப்பதற்கு முன் குழலுக்குள் ஒரு மரக்குச்சியை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி பற்றுவாய்வரை எட்டாமல் நின்றால், உள்ளே பழைய மருந்தும் குண்டும் கிடக்கக் கூடும். ஈரம் படாத கருமருந்து நூறாண்டுக்குப் பிறகும் வெடிக்கும்.

இந்த மோசடியில் என்னை வருத்துவது பணம் மட்டும் அன்று. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. அதற்குத் தப்பி இராமநாதபுரம் சீமையில் எஞ்சியவை மிகச் சில. பிற்காலத் துப்பாக்கி ஒன்றில் பொய்யான ஆண்டை வெட்டி அவற்றோடு சேர்க்கும்போது, நம்மிடம் இருக்கும் சொற்பச் சான்றும் கெட்டுப்போகிறது. வாங்குவதற்கு முன் இராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய், தொல்லியல் துறை காட்சிக்கு வைத்துள்ள பழைய ஆயுதங்களின் இரும்பு எப்படி முதுமை அடைந்திருக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்து வாருங்கள்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் துப்பாக்கியில் குதிரையும் (கல்லைப் பிடித்து அடிக்கும் சுத்தியல்) மருந்துக் கிண்ணமும் (பற்றவைக்கும் மருந்தை இடும் குழி) மட்டும் மாற்றப்பட்டவை என்று விற்பவர் தாமாகவே சொல்கிறார். பாகம் மாற்றினாலே அது போலி ஆகிவிடுமா?
– வாசகர், தொண்டி

பதில்: ஆகாது. படையில் இருந்த துப்பாக்கிக்கு ஆயுதசாலையிலேயே பாகம் மாற்றுவது வழக்கம். 1840-களில் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாகக் கேப்பு, அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு உலோகக் குப்பி, வைத்துச் சுடும் முறை பரவியபோது, பழைய துப்பாக்கிகள் பலவற்றை அதற்கேற்ப மாற்றியமைத்தார்கள். அந்த மாற்றமும் துப்பாக்கியின் வரலாறே.

ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு பாகங்களும் எனக்கு ஐயத்தைத் தருகின்றன. சந்தையில் கல் துப்பாக்கிக்கு விலை அதிகம் என்பதால், கேப்பு முறைக்கு மாறிய துப்பாக்கியை மறுபடியும் கல் துப்பாக்கி ஆக்கிவிடுகிறார்கள். அதற்கு முதலில் தேவைப்படுபவை குதிரையும் கிண்ணமும்தான். குழலின் அடிப்பக்கத்தில் பற்றுவைத்து அடைத்த இடம் நிறம் மாறித் தெரிகிறதா, தகட்டில் எந்த வேலைக்கும் உதவாத, அடைக்கப்பட்ட திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டைக் கழற்ற அவர் சம்மதித்தால் உட்புறத்தையும் பாருங்கள். கையால் இழைத்துப் பொருத்திய காலத்துத் துப்பாக்கிகளில், ஒரு பொறியின் பாகங்கள் கலந்துவிடாதிருக்கத் தொழிலாளர்கள் ஒரே மாதிரியான சிறு கீறல்களை அரத்தால் இட்டுவைப்பது உண்டு. மூன்று பாகங்களில் இரட்டைக் கீறலும் ஒன்றில் ஒற்றைக் கீறலும் இருந்தால், அந்த ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை. இயந்திரத்தில் செய்யப்பட்ட பிற்கால 1853 மாதிரி என்ஃபீல்டு படைத் துப்பாக்கிகளில் இந்தச் சோதனை பயன்படாது. அவற்றின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படியே செய்யப்பட்டவை.

எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை இரசீதிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மார்ட்டினி–ஹென்றி என்ற பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி ஒன்றில் விக்டோரியா மகாராணியின் முத்திரையும் 1907 என்ற ஆண்டும் உள்ளன. சரியாக இருக்குமா?
– வாசகர், மண்டபம்

பதில்: விக்டோரியா 1901 ஜனவரியில் மறைந்தார். அதற்குப் பின் செய்த துப்பாக்கியில் அவர் முத்திரை வராது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள வடமேற்கு எல்லைப்புறக் கைப்பட்டறைகளில் பிரிட்டிஷ் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தவற்றில் இப்படிப்பட்ட பிழைகளும், திரும்பிக் கிடக்கும் ஆங்கில எழுத்துகளும் ஏராளம். எல்லைப்புறத் துப்பாக்கி என்ற பெயரில் அதற்கும் சேகரிப்பாளர் உண்டு. அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கியின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பாம்பன் அருகே மீனவர் வலையில் சிக்கியது என்று ஒரு துப்பாக்கியை விற்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: கட்டை முழுமையாகவும் இரும்பு உறுதியாகவும் இருந்தால் நம்பாதீர்கள். உப்பு நீரில் நெடுங்காலம் கிடந்த இரும்பின் மேல் மணலும் சிப்பியும் சேர்ந்து பாறைபோல் இறுகிவிடும். முறையாக உப்பு நீக்காமல் உலரவிட்டால் அடுக்கடுக்காக உரிந்து உதிரும். வெளியே கிடந்த மரத்தைக் கப்பல் புழு துளைத்துவிடும். இங்கே கரையோர வீடுகளின் சன்னல் கம்பிகளே உப்புக் காற்றில் என்ன ஆகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: பழம்பொருள் என்பதால் உரிமம் தேவையில்லை என்கிறாரே விற்பவர்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பாதி உண்மையைச் சொல்கிறார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிப்பது, பழுது நீக்கினாலும் அதைச் சுடப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில்தான். செயலிழந்த பழைய குழலில், விலையை ஏற்றுவதற்காக இயங்கும் புதுப் பொறியைப் பொருத்தியிருந்தால், அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்கு வாங்கிய உங்கள் மீதே வரும். மேலும், நூறாண்டு கடந்த தொல்பொருள்களை வணிகமாக விற்பவர் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்கு முன்பே, துப்பாக்கியின் படங்களுடனும் எழுத்து வடிவிலான விவரத்துடனும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.